பாடும் மரமும் தாங்கும் மரமும்

மின் கிற்றாரின் நாதம் அதன் உடல் எந்த மரத்தாற் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அமையும் என்னும் கொள்கை இன்று இளைஞரிடையே வேதவாக்காக வழங்கி வருகின்றது. மகோகனி என்றால் ஒலி கனிந்து கனத்து வருமாம்; மேப்பிள் என்றால் கூர்மையும் பளிச்சிடும் தெளிவும் பெறுமாம்; ஆல்டர் இரண்டிற்கும் நடுவே நிற்குமாம்; ஆஷ் என்றால் மணியோசைபோல் எழுமாம். இவ்வாறு மரத்துக்கொரு குணம் வகுத்து எம் மாணாக்கர் ஒப்புவிக்கின்றனர். நன்னூற் சூத்திரம் ஒன்றை ஒப்புவிக்கத் தடுமாறும் வாய்கள் இந்த மர வாய்பாட்டை மட்டும் தங்குதடையின்றிச் சொல்லக் கேட்டு நான் வியந்ததுண்டு.

களுதாவளையில் இருந்து தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்கு மின் கிற்றாரோடு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் நரம்புக் கருவிக்கு ஏற்ற மரம் எது, ஏலாத மரம் எது என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. அன்றியும், காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, யாழின் இலக்கணத்தைக் கணக்கினால் நிறுவிக் காட்டிய விபுலாநந்த அடிகள் இம்மட்டக்களப்பு நாட்டவர். கிற்றாரும் இந்நாட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மட்டக்களப்பு நகரத்துப் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினோடும் கிற்றாரோடும் பாடிவந்தவர்கள். அவர்களுட் பலர் பரம்பரை ஓடாவிமாரும் ஆவர். ஆகவே மரம், நரம்பு, நாதம் என்னும் மூன்றையும் சேர்த்து எண்ணிப்பார்க்க எமக்கு உரிமை உண்டு.

நான் சொல்ல வந்தது இதுதான். இசைக்கருவியில் மரம் செய்யும் தொழில் எல்லாவிடத்தும் ஒன்றன்று. சில கருவிகளில் மரம் பாடுகின்றது; சிலவற்றில் மரம் காக்கின்றது; சிலவற்றில் மரம் தாங்குகின்றது. மின் கிற்றாரில் மரம் தாங்கும் மரமே. தாங்கும் மரத்தைப் பாடும் மரமென மயங்கி அதற்குக் காசை இறைப்பதும், பாடும் மரத்தைத் தாங்கும் மரமென மயங்கி அதன் குரலை நெரிப்பதும் இன்று நம் கண்முன்னே நிகழும் இரு பிழைகள். இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

முன்னோர் தேர்ந்த முறை

பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து மீட்டுகின்றான். காட்டிலே கைக்கெட்டிய கொம்பும் நாரும் அவனுக்குப் போதுமாயின. சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையை யாழிலே வெல்ல வந்த சீவகன் கையில் யாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரப்படுகின்றன. அவன் ஒவ்வொன்றையும் நோக்கிக் குற்றம் கூறி விலக்குகின்றான். நீரிலே கிடந்து அழுகிய மரம் ஒன்று, தீயில் வெந்தது ஒன்று, இடியுண்டது ஒன்று. நரம்பிலே மயிர் கலந்த குற்றமும் அவன் கண்ணுக்குத் தப்பவில்லை.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சீவகன் மரத்தின் பெயரைக் கேட்டு விலக்கவில்லை. விலையைக் கேட்டும் விலக்கவில்லை. மரத்தின் நிலையைக் கண்டே விலக்கினான். நார் சிதைந்த மரமும், உள்ளே வெடிப்புற்ற மரமும், ஈரம் போகாத மரமும் அதிர்வை வாங்கி வெளியிடுவதிற் பழுதுபடும் என்பதே அதன் உட்கருத்து.

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் குழல் செய்தற்குரியவற்றை ஐந்தாக எண்ணுகின்றார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்பன அவை. இவற்றுள் மூங்கிலையே தலையாயதென்றும், வெண்கலத்தை இடைப்பட்டதென்றும், ஏனையவற்றைக் கடைப்பட்டவை என்றும் வகுக்கின்றார். சந்தனமும் கருங்காலியும் விலையுயர்ந்தவை. மூங்கிலோ புதரிலே வளர்வது. விலையுயர்ந்தது நாதத்திலும் உயர்ந்ததாயிருக்கும் என்னும் கடைத்தெரு நியாயத்துக்கு அவ்வுரையாசிரியர் இடங்கொடுக்கவில்லை. இவ்வொரு பாடத்தை மட்டுமாவது நாம் கைக்கொண்டால் பாதி மயக்கம் தீர்ந்துவிடும்.

பாடும் மரம்

இனி, மரம் பாடுவது எங்ஙனம் என்று பார்ப்போம். இரு முளைகளுக்கிடையே கட்டிய தனி நரம்பு எத்துணை விரைந்து அதிர்ந்தாலும் காற்றை மிகச் சிறிதே அசைக்கும். நூலிழைபோல் மெலிந்த உடம்பு அதற்கு. காற்று அதன் இருபுறமும் வழுவிப் போய்விடுகின்றது. ஆகவே அந்த அதிர்வை வாங்கி, அகன்ற தன் பரப்பினாற் காற்றைத் தள்ளவல்ல துணை ஒன்று வேண்டும். அத்துணையே யாழின் பத்தர், வீணையின் குடம், வயலினின் கூடு, சாதாரணக் கிற்றாரின் மேற்பலகை.

தஞ்சாவூர் வீணை பலாமரத்தாற் செய்யப்படுவது. குடமும் தண்டும் யாளிமுகமும் ஒரே மரத்திற் குடைந்தெடுக்கப்பட்டதாயின் ஏகாண்ட வீணை என்பர். நரம்பின் அதிர்வு குதிரைவழியே குடத்தின் மேற்பலகைக்கு இறங்குகின்றது. பலகையும் குடத்தினுள்ளே அடைபட்ட காற்றும் பரிவுற்று அதிர்கின்றன. அப்போது மரம் எல்லா மீடிறன்களையும் ஒரே அளவில் வெளியிடுவதில்லை. சில மேற்றொனிகளை வளர்க்கும், சிலவற்றை விழுங்கும். பலாமரம் இவ்வாறு தெரிந்தெடுத்து வெளியிடும் முறைதான் வீணையின் குரலென நாம் அறியும் குரல். அதே நரம்புகளை வேறொரு பெட்டியிற் கட்டினால் சுருதி மாறாது; குரல் மாறிவிடும். 2013ஆம் ஆண்டிலே தஞ்சாவூர் வீணைக்கு இந்தியாவிற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது ஓர் ஊரின் தச்சுத் தொழிலுக்கு மட்டுமன்று, ஒரு மரத்தின் குரலுக்கும் அந்தச் சிறப்புச் செய்யப்பட்டது என்றே நான் கொள்வேன்.

பாடும் மரத்திலும் எல்லாப் பகுதியும் ஒத்த அளவிற் பாடுவதில்லை. ஸ்பெயின் தேசத்துக் கிற்றார்த் தச்சரான அந்தோனியோ தெ தோரஸ் என்பார் 1862ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தார். கிற்றாரின் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையினால் ஆக்கி, மேற்பலகையை மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரத்தால் அமைத்தார். கிற்றார் நன்றாகவே ஒலித்தது. நாதத்தின் உயிர் மேற்பலகையிலே என்பதை அவர் பேச்சினாலன்றிச் செய்கையினால் நிறுவினார். பெயரும் பழமையும் செவியை எவ்வளவு ஏய்க்கவல்லன என்பதற்கும் சான்று உண்டு. 2010ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் தேர்ந்த வயலின் கலைஞரின் பார்வையை மறைத்து, ஸ்திராதிவாரியின் கைப்பட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்து ஆராய்ந்தனர். அவர்களுட் பலர் புதியவற்றையே விரும்பினர். எது பழையது எது புதியது எனப் பிரித்தறியவும் இயலவில்லை. பாடும் மரத்திலேயே பெயருக்கு இவ்வளவு மயக்கம் உண்டாயின், பாடாத மரத்திற் சொல்ல வேண்டுமோ?

காக்கும் மரம்

குழலிலும் நாகசுரத்திலும் பாடுவது மரமன்று. துளையினுள்ளே நிற்கும் காற்றுத் தம்பமே பாடுகின்றது. மரத்தின் கடமை அத்தம்பத்தின் வடிவைக் கோணாமற் காப்பது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு ஆச்சா மரம் விரும்பப்படுவதும், பழைய வீடுகளிலே பல்லாண்டு தூணாகவும் உத்திரமாகவும் நின்று ஈரம் முற்றும் நீங்கிய ஆச்சாவை ஆசாரிமார் தேடி வாங்குவதும் இதனாலேயே. ஊதுவோரின் மூச்சின் ஈரம் பட்டும் வெயிலிற் காய்ந்தும் துளை திரியாது நிற்க வேண்டும். அந்த நாகசுரமும் 2022இற் புவிசார் குறியீடு பெற்றது.

எமது வடமோடி, தென்மோடிக் கூத்துக்களரியில் அண்ணாவியார் அடிக்கும் மத்தளமும் இவ்வகையினதே. பாடுவது தோல், மரக்கூடு தோலின் இழுவையைத் தாங்கி, உள்ளே அடைபட்ட காற்றைக் காக்கின்றது. ஈரம் போகாத மரத்திலே மத்தளம் கடைந்தால் நாட்செல்ல வாய் கோணும். வாய் கோணினால் வார் எத்துணை இழுத்தாலும் சுருதி நில்லாது. காக்கும் மரத்துக்கு வேண்டிய முதற் குணம் பதம் என்க.

தாங்கும் மரம்

இனி மின் கிற்றாருக்கு வருவோம். 1831ஆம் ஆண்டு பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அதன் உயிர்நாடி. உருக்கினாலாகிய நரம்பின் கீழே காந்தமும் அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. நரம்பு அதிரும்போது காந்தப் புலம் அசைகின்றது. சுருளிலே மின் ஓட்டம் பிறக்கின்றது. அவ்வோட்டம் விரியலாக்கியிற் பெருகி ஒலிபெருக்கியிற் குரலாகின்றது. இங்கே சுருள் நோக்குவது நரம்பை மட்டுமே. மரம் அதிர்ந்தாலும் அந்த அதிர்வைச் சுருள் நேரே அறியாது. ஏனெனில் மரம் காந்தத்தை அசைப்பதில்லை.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. வீணையில் மரம் நரம்பின் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினாலன்றிக் காற்றுக்குக் கொடுக்க இயலாது. மின் கிற்றாரிலோ மரம் அதனை வாங்காதிருக்க வேண்டும். வாங்கியதைக் காற்றுக்குக் கொடுத்தாலும் அது ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேராது. நரம்பின் ஆற்றல் வீணே கழியும். ஒலி விரைவில் அவியும். ஆகவே வீணைக்கு நல்ல மரம் என்பதும் மின் கிற்றாருக்கு நல்ல மரம் என்பதும் ஒன்றுக்கொன்று எதிர்மறையான இலக்கணம் உடையவை. முன்னது கொடையாளி, பின்னது காவலாளி. கொடையாளியின் புகழை எடுத்துக் காவலாளிக்குச் சூட்டியதே இன்றைய மயக்கம்.

அக்கருவியின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. அமெரிக்காவில் 1932இல் விற்பனைக்கு வந்த றிக்கன்பாக்கர் மின் கிற்றார், தோசைக்கல் வடிவிலே அலுமினியத்தில் வார்க்கப்பட்டது; அதன் உடம்பில் மரமே இல்லை. 1940ஆம் ஆண்டையொட்டி லெஸ் பால் என்னும் கலைஞர் நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் நரம்பும் சுருளும் பூட்டி வாசித்தார். அவையோர் அதனை விரும்பவில்லை. பழைய கிற்றார் ஒன்றை இரண்டாகப் பிளந்து அக்கட்டையின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு வாசித்தார், அவையோர் மகிழ்ந்தனர். ஒலி கட்டையினின்றே வந்தது. மகிழ்ச்சி ஒட்டிய சிறகுகளினின்று வந்தது! 1950ஐ ஒட்டிக் கட்டை கிற்றாரை ஆயிரக்கணக்கிற் செய்து பரப்பிய லியோ ஃபெண்டர், வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். 1954இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் முதலில் ஆஷ் மரத்திலும், 1956 முதல் பெரும்பாலும் ஆல்டர் மரத்திலும் ஆக்கப்பட்டது. டேன்எலெக்ட்ரோ என்னும் கம்பனி அக்காலத்திலேயே மரத்தூளை அழுத்திய பலகையினாற் கிற்றார் செய்து மலிவாக விற்றது. அவற்றைப் புகழ்பெற்ற கலைஞரும் விரும்பி வாசித்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாஷ்வில் நகரத்துக் கிற்றார்க் கலைஞர் ஜிம் லில் என்பார் இந்த ஆராய்ச்சியை எல்லை வரை கொண்டுபோனார். உடலும் இல்லாமல், கழுத்தும் இல்லாமல், இரு மேசைகளுக்கிடையே வெறுமனே நரம்புகளை இழுத்துக் கட்டி, அவற்றின் கீழே காந்தச் சுருளை உரிய தூரத்தில் நிறுத்தி வாசித்தார். விலையுயர்ந்த மர உடற் கிற்றாரின் ஒலியோடு அவ்வொலியை ஒப்பிட்டுக் கேட்போருக்கு வேறுபாடு காண்பது அரிதாயிற்று. சுருளின் தன்மை, அது நரம்புக்கு எவ்வளவு அண்மையில் எவ்விடத்தில் நிற்கின்றது, நரம்பின் பருமன், விரியலாக்கி, ஒலிபெருக்கி ஆகியவையே குரலை ஆக்குவன என்பது அச்சோதனையின் முடிபு.

தடையும் விடையும்

இங்கே அறிவுடைய மாணாக்கன் ஒரு தடை எழுப்புவான். "ஐயா, மின்னிணைப்பு இல்லாமல் இரண்டு கிற்றார்களைத் தட்டிப் பார்த்தால் ஒலி வேறுபடுகின்றதே, கையிலே அதிர்வும் வேறாகத் தெரிகின்றதே" என்பான். அவன் சொல்வது மெய். ஆனால் அப்போது கேட்பது அவன் செவி; மின்னிணைப்புக் கொடுத்தபின் கேட்பது சுருள். கேட்போன் மாறிவிட்டான் என்பதை அவன் மறந்துவிடுகின்றான்.

எமது வாவியிலே பாடுமீனின் ஓசையைக் கேட்க விரும்பும் தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் செவியை வைப்பர். நீரினடியில் எழும் ஓசையைத் துடுப்பின் மரம் செவிக்குக் கொண்டுவருகின்றது. மரம் ஓசையைக் கடத்தும் என்பதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுவதில்லை. ஆனால் செவியைத் துடுப்பினின்று எடுத்துவிட்டால் துடுப்பு எவ்வளவு நல்ல மரமாயினும் பயன் என்ன? காந்தச் சுருள் என்பது துடுப்பிலே செவி வையாத ஆள். அவனுக்கு மரம் வழியே வரும் செய்தி இல்லை.

மரத்தால் எள்ளளவும் வேறுபாடு இல்லையோ எனின், அவ்வாறும் சொல்லுதல் நேர்மையன்று. நரம்பின் இரு முனைகளும் மரத்திலேயே கட்டுண்டிருக்கின்றன. கழுத்து வளைந்து அதிருமாயின், அதன் இயற்கை மீடிறனோடு ஒத்த சில சுரங்களின் ஆற்றலைத் திருடிவிடும். அச்சுரங்கள் மட்டும் விரைவில் அவியும். இத்தகைய செத்த இடங்களை ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அளந்து காட்டியுள்ளனர். ஆகவே மரத்தின் செல்வாக்கு உண்டு; ஆனால் அது கொடுப்பதிலன்று, எடுப்பதிலே உள்ளது. அன்றியும் அது உடலினும் கழுத்திலேயே மிகுதி. மர இனத்தின் பெயரைக் கொண்டு அதனை முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. ஒரே மரத்தின் இரு பலகைகளே தம்முள் வேறுபடும். கனம், உறுதி, ஈரப்பதம், பொருத்தின் இறுக்கம் என்பனவே நோக்கத்தக்கன. சீவகன் நோக்கியவையும் இவையே அல்லவா?

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்வோருக்கு இதனை ஒரு சொல்லில் விளக்கிவிடலாம். கொழுகொம்பு இல்லாமற் கொடி நில்லாது. உழுத்த கொம்பு நட்டால் கொடி சாயும். ஆனால் வெற்றிலையின் காரம் கொழுகொம்பிலிருந்து வருவதாக எந்தத் தோட்டக்காரரும் சொல்லமாட்டார். கொம்பு தேக்கென்று சொல்லி வெற்றிலைக்கு விலை கூட்டினால் சந்தையிலே சிரிப்பார்கள்.

இரு பிழைகளும் அவற்றின் விளைவும்

ஆனால் கிற்றார்ச் சந்தையில் ஒருவரும் சிரிப்பதில்லை. எனக்குத் தெரிந்த தகப்பன் ஒருவர், தோட்டம் செய்து பிழைப்பவர், மகனின் ஆசைக்காக நகை அடகு வைத்துப் பட்டினத்துக் கடையொன்றில் மின் கிற்றார் வாங்கினார். "முழு மகோகனி உடம்பு அண்ணே, இந்தச் சத்தம் வேற எதிலயும் வராது" என்று விற்பனையாளர் சொன்ன ஒரு சொல்லுக்காகவே மற்றொன்றின் விலையைப்போல் இருமடங்கு கொடுத்தாராம். அக்கிற்றாரைப் பெருக்க வீட்டிலே இருந்தது பழைய சிறு பெட்டி ஒன்று. நாதத்தின் பெரும்பகுதியை ஆக்கும் பெட்டிக்குக் காசில்லை. நாதத்திற் சிறுபகுதியும் ஆக்காத மரத்துக்கு நகை போயிற்று. பிள்ளை நன்றாகவே வாசிக்கின்றான் என்பது ஆறுதல். ஆனால் அதற்குக் காரணம் அவன் விரல்களேயன்றி மகோகனி அன்று.

விரல்களின் பெருமைக்குத் தமிழுலகம் கண்ட சான்று மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969இற் பிறந்து 2014இல் மறைந்த அக்கலைஞர், ஐந்து நரம்பு கட்டிய சிறு மின் மாண்டலினிலே கருநாடக சங்கீதத்தின் கமகங்களையெல்லாம் குழைத்துத் தந்தார். அரங்கிலே உருகியவர் எவரும் அதன் கட்டை எந்த மரம் என்று கேட்டதில்லை.

மர மயக்கத்தினாற் காடுகளும் இழப்புறுகின்றன. கிற்றாரின் விரற்பலகைக்குப் பெரிதும் விரும்பப்பட்ட ஈட்டி இனங்கள் அருகியமையால், 2017ஆம் ஆண்டு சனவரியில் அவ்வினம் முழுவதும் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 இறுதியிலேயே செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. ஆஷ் மரத்தை வண்டும் வெள்ளமும் அழித்தமையால், அம்மரத்தைப் பெருவாரியாகப் பயன்படுத்துவதை நிறுத்துவதாக ஃபெண்டர் கம்பனி 2020இல் அறிவித்தது. அதன் பின்னும் உலகில் மின் கிற்றாரின் ஒலி குன்றிவிடவில்லை. பாடாத இடத்தில் வைப்பதற்காகப் பாடவல்ல மரத்தை வெட்டுவது அறிவன்று.

இனி மறுபிழை. மின் கிற்றாரிற் கற்ற பாடத்தை வீணைக்கும் யாழுக்கும் ஏற்றுவோரும் உளர். "எல்லாம் ஒலிபெருக்கியிலே சரிசெய்யலாம்" என்பது அவர்தம் மந்திரம். வீணையின் நரம்புகளுக்கடியிற் காந்தச் சுருளைப் பொருத்திப் பெருக்கினால், அக்கணமே பலாமரம் ஊமையாகின்றது. நரம்பு பாடும், குடம் பாடாது. அது வீணை வடிவிலமைந்த மின் கிற்றாரேயன்றி வீணை அன்று. பெரிய மண்டபத்துக்குப் பெருக்கம் வேண்டுமாயின், குடத்திலிருந்து காற்றில் எழும் ஒலியை வாங்கும் ஒலிவாங்கியை முன்னே வைப்பதே முறை. பாடசாலை விழாக்களிலே இம்முறை அருகி, எல்லாக் கருவிகளும் ஒரே தகரக் குரலிற் பேசுவதைக் கேட்கும்போது என் நெஞ்சு நோகின்றது.

நெஞ்சு நோவதற்குக் காரணம் உண்டு. நாம் ஒரு முறை இழந்தவர்கள். விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து யாழ்நூலை ஆக்கினார். 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நரம்பின் நீளமும் சுருதியின் அளவும் பண்ணின் இலக்கணமும் அவர் கணக்கினால் மீட்கப்பட்டன. புதிய யாழ்களும் செய்து காட்டப்பட்டன. ஆயின் பழைய பேரியாழின் பத்தர் எவ்வாறு பாடியது, சீறியாழின் குரல் எத்தன்மையது என்பதை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. அளவை மீட்கலாம், குரலை மீட்கவியலாது. குரல் மரத்தோடும் அதனைத் தேர்ந்த கையோடும் போய்விட்டது. யாழுக்கு நேர்ந்தது வீணைக்கும் நேர இடங்கொடுப்போமாயின், அதனை மீட்க இன்னொரு அடிகள் பிறந்தாலும் முழுதாக மீட்க வல்லவராகார்.

செய்யத்தக்கவை

ஆதலின் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் சில சொல்லி முடிக்கின்றேன்.

மின் கிற்றார் வாங்குவோர் மரத்தின் பெயரைக் கேளாதொழிக. கழுத்து நேராயிருக்கின்றதா, மெட்டுக்கள் ஒழுங்காக அமைந்துள்ளனவா, சுருதி நிற்கின்றதா, சுருளும் விரியலாக்கியும் நல்லனவா, பிள்ளையின் தோளுக்குக் கனம் ஏற்றதா என்று பார்க்க. மிஞ்சும் காசை ஆசிரியருக்குக் கொடுக்க.

வீணையோ வயலினோ மத்தளமோ வாங்கும் பாடசாலைகள் மரத்தின் பதத்தைப் பார்க்க. அறிந்த ஓடாவி ஒருவரையும் அண்ணாவியார் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்க. விலைப்பட்டியலை மட்டும் ஒப்புநோக்கி மலிந்ததை வாங்கி அலுமாரியிற் பூட்டி வைப்பதால் ஒருவருக்கும் பயனில்லை. தவணைக்கு ஒருமுறையாவது ஒலிபெருக்கி இல்லாமல், சிறு வகுப்பறையிலே, மாணாக்கர் சூழ இருந்து வீணையைக் கேட்கச் செய்க. மரத்தின் குரலை ஒருமுறை நேரே கேட்ட செவி பின்னர் எளிதில் ஏமாறாது.

இன்னும் ஒன்று. இந்நாட்டில் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்கின்றது. பசிக்கு உணவாகும் மரங்கள் என்பதனால் அப்பாதுகாப்பு. பலா பசிக்கு மட்டுமன்று, பண்ணுக்கும் உரிய மரம் என்பதை நாம் சேர்த்து நினைத்தல் வேண்டும். சட்டம் வெட்டுவதைத் தடுக்கும். நடுவதைச் சட்டம் செய்யாது. அது நாம் செய்ய வேண்டியது. இன்று நடும் பலாக்கன்று முற்றி, அறுபட்டு, பதமாகி வீணைக்குடமாவதற்கு ஒரு தலைமுறைக்கு மேலாகும். அதுவரை அக்குடத்தின் குரலை அறிந்த செவிகள் சிலவற்றையேனும் நாம் விட்டுச் செல்வோமாக.